ஏழாம் தொட்டியின் அச்சுக் கோடு

நான் பார்க்கிற வேலை கோடு சுரண்டுவது. பொம்மை செய்கிற பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதைச் சேர்த்துக் கட்டி, உள்ளே களிமண் கூழை ஊற்றி, ஓரம் இறுகியதும் மிச்சத்தை வடித்துவிட்டுப் பிரித்தால் பொம்மை வெளியே வரும். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒரு கோடு இறங்கி, முதுகுப் பக்கமாகத் திரும்பி மேலே போகும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பான்ஜால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் சூளைக்குப் போகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து விருத்தாசலத்தில் எனக்கு இந்த வேலைதான். கோடு மிஞ்சியிருந்தால் சூப்பர்வைசர் பிள்ளையாரை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "உங்க வூட்டுப் புள்ளையாருக்கு ஆப்பரேஷன் ஆயிருக்குதா?" என்பார். கோடு என்றால் எனக்குப் பயம். பிளாஸ்டிக் குடத்தில், கண்ணாடி டம்ளரில், யாரோ ஒருத்தியின் தலை வகிட்டில்கூட என் கண் போய் நின்றுவிடும்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

வீட்டில் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். வெறும் மீன் தொட்டி இல்லை. உள்ளே கல்லும் கட்டையும் செடியும் வைத்து, ஒரு மலைச்சரிவையோ காட்டையோ இரண்டடிக் கண்ணாடிக்குள் கொண்டுவருகிற தொட்டி. அக்வாஸ்கேப் என்பார்கள். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கவலை வந்தால் சிலர் குடிப்பார்கள், நான் தொட்டி முன்னால் உட்காருவேன். உட்கார்ந்த பிறகு தொட்டியைப் பற்றிக் கவலைப்படுவேன். கரண்ட் போனால் மீன் என்ன செய்யும், கத்திரி வெயிலில் தண்ணீர் சூடேறிச் செடி கரைந்துவிடுமா, மேசை பாரம் தாங்குமா. "உங்களுக்குக் கவலப்பட ஒரு எடம் வேணும், அதுக்குக் கண்ணாடி போட்டு வெச்சிருக்கீங்க" என்பாள் மனைவி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கலர் மீன் கடை வைத்திருப்பவர்தான் போட்டியை நடத்துகிறவர். கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் வைப்பார். அந்த முறை முதல் பரிசு பெறுகிறவருக்குக் கோப்பையோடு ஒரு வேலையும் உண்டு என்று அறிவித்திருந்தார். ஊரில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு ஆஸ்பத்திரியின் வரவேற்பு ஹாலில் பெரிய தொட்டி அமைத்து, அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிற வேலை.

அந்த வேலைக்காகவே போட்டிக்கு வந்தவள் ஒரு பெண். மீன் கடைக்கு எதிரே ரீசார்ஜ் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். குடும்பத்து நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, வேறு இடத்தில் மனை கொடுத்திருந்தார்கள். என்னை அண்ணா என்பாள். அவளுடைய முதல் செடி, ஒரு கிரிப்டோ, என் தொட்டியிலிருந்து பிரித்துக் கொடுத்ததுதான். ரீசார்ஜ் செய்யப் போகும்போதெல்லாம் போனில் தன் தொட்டியைக் காட்டுவாள்.

"ஆஸ்பத்திரி வேல மட்டும் கெடச்சுதுன்னா இந்த ஸ்டூல வுட்டு எறங்கிடுவேன் அண்ணா. நான் பாத்ரூம் போயிட்டு வர்ற நேரத்தக்கூட மொதலாளி கேமராவுல பாத்துட்டு போன் பண்ணிக் கேக்கறாரு. 'ஏம்மா, வயிறு சரியில்லியா?'ன்னு. சிரிச்சிக்கிட்டே கேக்கறாரு."

போட்டிக்கு முந்தின நாள் மீன் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "மூணாவது ஜட்ஜுக்குக் காய்ச்சலாம். நீங்க ஒக்காருங்க."

"எனக்கு இங்கிலீஷ்ல எழுத வராதுங்க."

"நம்பர் எழுத வரும்ல?"

வரும் என்றேன்.

தொட்டிக்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. அழகாக இருந்தால் பரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய போட்டிகளில் தொட்டியை நேரில் பார்ப்பதே இல்லை, ஒரே ஒரு போட்டோவைப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். எங்கள் போட்டியில் நேரில்தான். வீட்டில் மாதக்கணக்கில் வளர்த்த தொட்டியைத் தண்ணீர் இறைத்துவிட்டு, கல் அசையாமல் குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்து, மண்டபத்தில் மறுபடி தண்ணீர் நிரப்புவார்கள். ஜட்ஜுகள் மூன்று பேரும் ஆறடி தள்ளி நின்று முதலில் பேசாமல் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரு இடம் தெரிய வேண்டும், வெறும் தொட்டியாகத் தெரியக் கூடாது. கல்லும் செடியும் வெற்றிடமும் அமைந்திருக்கிற விதத்துக்குத்தான் பெரும்பங்கு மார்க். பிறகு கிட்டே போய் இலையில் ஓட்டை உண்டா, பாசி படர்ந்திருக்கிறதா, மீன் அந்த மலைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய மீனை விட்டால் மலை குட்டையாகிவிடும். ஆளுக்கொரு தாள். எழுதியதை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மூன்று பேர் தாளையும் சுவரில் ஒட்டுவார்கள்.

எங்கள் ஊர்ப் போட்டியில் கூடுதலாக இரண்டு விதி உண்டு. ஒன்று, உள்ளே வைக்கிற கல் இயற்கையாக இருக்க வேண்டும், சுட்ட மண் கூடாது. செராமிக் ஊர் அல்லவா, மலையையே சூளையில் சுட்டு எடுத்து வந்துவிடுவார்கள் என்று பயம். இன்னொன்று, ஜட்ஜுகள் மார்க் எழுதுகிற நேரத்தில் தொட்டியில் என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மார்க். நேற்று எப்படி இருந்தது என்பது பேச்சே இல்லை. இந்த விதிகளை அன்று காலையில் மீன் கடைக்காரர் எனக்கு வாசித்துக் காட்டினார். தாள் இங்கிலீஷில் இருந்தது.

மற்ற ஜட்ஜுகளில் ஒருவர் சென்னையில் பெரிய கடை வைத்திருப்பவர். இன்னொருவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர். பேராசிரியர் என்னிடம், "நீங்கள் எந்தத் துறை?" என்று கேட்டார். செராமிக் என்றேன். "ஓ, டிப்ளமாவா?" என்றார். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அதன் பிறகு அவர் எதையாவது திரும்பக் கேட்டுவிடுவாரோ என்றே மண்டபம் முழுக்க அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தேன்.

போட்டியாளர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். நாங்கள் பேசுவது அவர்கள் காதில் விழும். சென்னைக்காரர் அதற்காகவே பேசினார். இரண்டாம் தொட்டியைப் பார்த்து, "இது காடா, வாழைத்தார் மண்டியா?" என்றார். அதை வைத்திருந்தவர் மனைவி குழந்தைகளோடு வந்திருந்தார். குழந்தை, "என்னப்பா சொல்றாரு?" என்று கேட்டது. ஐந்தாம் தொட்டி பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவருடையது. அதிலிருந்த கட்டையைக் காட்டி, "மில்லுல சக்கை மிச்சமாயிடுச்சா?" என்றார். ஆலைக்காரர் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் மார்க் போய்விடும் என்று சிரிக்கிற சிரிப்பு அது. நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். அவர் அடுத்து என் பக்கம் திரும்பிவிடக் கூடாது.

திரும்பிவிட்டார். "மூணாவது ஜட்ஜ் வாயே திறக்க மாட்டேங்கிறாரு. பொம்மை கம்பெனியில வேலைன்னு சொன்னாங்க. பொம்மையையே அனுப்பிட்டாங்களா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். ஆலைக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

அப்படியே ஏழாம் தொட்டிக்கு வந்தோம். தொட்டிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆனால் எனக்குத் தெரியும், போனில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கறுப்புக் கல் ஒன்று லேசாக வலப்புறம் சாய்ந்து நிற்கிறது. அதன் காலடியில் சின்னக் கற்கள். முன்னால் சரிவு முழுக்க நகத்தளவு புல். கல்லின் நிழலில் நியான் மீன்கள் கூட்டமாகப் போய், வெளிச்சத்துக்கு வந்ததும் ஒன்றாகத் திரும்புகின்றன. ஆறடி தள்ளி நின்றபோது அது தொட்டியாகவே தெரியவில்லை. விடிகிற நேரத்தில் ஒரு மலையடிவாரம். சென்னைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருடைய பாராட்டு. பேராசிரியர் "ம்" என்றார்.

அப்போது கயிற்றுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணா, கல்லுக்குப் பின்னால பாருங்க, நீங்க குடுத்த கிரிப்டோதான்!"

சென்னைக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஓ! அண்ணனா? அப்ப மார்க் வூட்டுலயே போட்டு எடுத்துட்டு வந்துட்டீங்களா?" எங்கள் ஊர்ப் பேச்சை நக்கலாகப் பேசிக் காட்டினார். மறுபடி சிரிப்பு. மீன் கடைக்காரர் சிரிக்காமல் என்னையே பார்த்தார்.

என் காது சூடாகிவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தொட்டியைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. நூல் மாதிரி வெள்ளையாக, உச்சியிலிருந்து நேராக அடிவரை. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பின்பக்கமும் அதே கோடு மேலே ஏறியது.

"இது சுட்டதுங்க," என்றேன். அன்று காலையிலிருந்து ஜட்ஜாக நான் வாயைத் திறந்தது அதற்குத்தான்.

"என்னது?"

"கல்லு இல்ல. அச்சுல ஊத்தி சுட்டது. அதோ பாருங்க, அச்சுக் கோடு. சுரண்டாம வுட்டிருக்காங்க."

அவள் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டாள். "அண்ணா, என்னாண்ணா சொல்றீங்க? கடகாலுக்குக் கொட்டுன கல்லுண்ணா அது. எங்க புது மனையில வூடு கட்ட லாரியில எறக்குனாங்க, அதுலேருந்து பொறுக்கினது."

"நிச்சயமா தெரியுமா?" என்று சென்னைக்காரர் என்னைக் கேட்டார். அவர் குரலில் இப்போது நக்கல் இல்லை. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"இருவத்தஞ்சு வருஷமா இந்தக் கோட்டத்தான் சார் சுரண்டறேன்."

பேராசிரியர், "கல்லை வெளியே எடுத்தால் தெரிந்துவிடும்" என்றார்.

"எடுத்தா சரிஞ்சிடும் சார்," என்றாள் அவள். "இந்தப் புல்லு புடிக்கவே மூணு மாசம் ஆச்சு. நீங்க மார்க் போட்டுடுங்க சார், அப்பறம் எடுத்துப் பாருங்க. பொய்யின்னா என் நம்பரையே அடிச்சிடுங்க."

நியாயமான பேச்சு. பேராசிரியர் தலையாட்டினார். சென்னைக்காரரும், "செய்யலாம். மூணாவது ஜட்ஜ் என்ன சொல்றார்?" என்றார்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சரி என்றால் அண்ணன் விட்டுக்கொடுத்துவிட்டான் என்பார்களே என்று நினைத்தேன். "மார்க் போட்டுட்டு எடுத்தா மத்தவங்க கேள்வி கேப்பாங்க சார்" என்றேன். "இப்பவே எடுக்கறதுதான் மொறை." அப்படி ஒரு முறை எங்கும் கிடையாது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சுடிதார் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டாள். கல்லை முதலில் இப்படியும் அப்படியுமாக மெதுவாக அசைத்து, புல்லின் வேர் அறாமல் எடுக்கப் பார்த்தாள். கல் கிளம்பியதும் சரிவு முழுக்கக் கீழே இறங்கியது. சின்னக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. புல் பாயைப் போலச் சுருண்டு மேலே வந்து மிதந்தது. அடியிலிருந்த மண் கிளம்பி, பத்து எண்ணி முடிப்பதற்குள் தொட்டி பூராவும் டீத் தண்ணியாகிவிட்டது. நியான்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கண்ணாடியோரம் வயிற்றைக் காட்டிக்கொண்டு வந்தது.

கல்லை என் கையில் கொடுத்தாள்.

வாங்கிய அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அச்சில் ஊற்றிச் சுட்டது உள்ளே கூடாக இருக்கும், தேங்காய்ச் சிரட்டை மாதிரி கனமே இருக்காது. இது என் மணிக்கட்டைக் கீழே இழுத்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேலையில் சுட்டதை எல்லாம் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். நல்லது மணி மாதிரி கேட்கும், விரிசல் விட்டது சொத்தையாகக் கேட்கும். நானும் தட்டினேன். மணியும் இல்லை, சொத்தையும் இல்லை. கல்லைத் தட்டினால் என்ன கேட்குமோ அது கேட்டது.

"என்ன?" என்றார் சென்னைக்காரர்.

"சந்தேகமா இருக்குது. ஒடைச்சாத்தான் தெரியும்."

வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர் சுத்தியல் கொடுத்தார். மண்டப வாசல் படியில் சாக்கை விரித்துக் கல்லை வைத்தார்கள். நானே உடைத்தேன். இரண்டாவது அடியில் அந்த வெள்ளைக் கோட்டின் வழியாகவே இரண்டாகப் பிளந்தது. உள்ளேயும் கறுப்பு, உள்ளேயும் மினுமினுப்பு. கறிக்குள் கொழுப்பு ஓடுகிற மாதிரி அந்த வெள்ளை கல்லுக்குள் ஊடே ஓடியிருந்தது.

"கல்லுதான்யா இது!" என்றார் ஆலைக்காரர். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சென்னைக்காரர் கையைத் தட்டிக்கொண்டார். "சரிம்மா, கல்லுதான். தகுதி நீக்கம் கிடையாது. வாங்க, மார்க் போட்டுடலாம்." பெரிய சலுகை செய்கிற மாதிரி சொன்னார்.

"எதுக்கு சார் மார்க்கு?" என்றாள் அவள்.

"தொட்டிக்கு."

பேராசிரியர், "நாம் மூவரும் முன்பே ஆறடியில் நின்று பார்த்துவிட்டோமே, அதை வைத்துப் போடலாம்" என்றார். சென்னைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். மீன் கடைக்காரரும் என்னைப் பார்த்தார். முன்பு பார்த்ததற்கு மார்க் போட்டால், நடுவில் நடந்தது தப்பு என்றாகிவிடும். தப்பு என்றால் யாருடையது?

"விதியில அப்படி இல்லீங்களே," என்றேன். "எழுதற நேரத்துல என்ன இருக்குதோ அதுக்குத்தான் மார்க்குன்னு போட்டிருக்குது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு அவரும் பேனாவை எடுத்தார்.

அமைப்புக்கு நான் பூஜ்யம் போட்டேன். செடிக்கு இரண்டு. மீனுக்கு ஒன்று. தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். நம்பர் எழுத வரும் என்று சொல்லித்தான் போயிருந்தேன்.

முதல் பரிசு வாழைத்தார் மண்டிக்குக் கிடைத்தது. சென்னைக்காரரே கோப்பையைக் கொடுத்து, "உங்க தொட்டியில ஒரு காட்டுத்தனம் இருக்கு" என்று மைக்கில் சொன்னார்.

தாள்களைச் சுவரில் ஒட்டியதும் எல்லாரும் மொய்த்தார்கள். அவள் கடைசியாகப் போய் நின்றாள். என் தாளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தாள். முழங்கையில் காய்ந்த மண் ஒட்டியிருந்தது.

"கையில வாங்குனப்ப கனமா இல்லீங்களா சார்?"

காலையில் அண்ணா. இப்போது சார்.

"ஈரக் கல்லு கனமாத்தாம்மா இருக்கும்" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். "கல்லக் குடுங்க. கடகாலுக்காவது போவும்."

படியில் ஒரு பாதிதான் கிடந்தது. மற்றதை நான் முன்பே என் பையில் போட்டிருந்தேன். எங்கள் கம்பெனி இருக்கிற செராமிக் எஸ்டேட்காரர்கள் யாராவது அந்தப் பக்கமாக வந்து, பிளந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வேலை இடத்தில் என்னைக் கேட்டால் என்ன சொல்வது? இரண்டையும் எடுக்கத்தான் நினைத்தேன். ஒன்றை எடுப்பதற்குள் ஆள் வந்துவிட்டது.

"இன்னொன்னு எங்க?"

"கூட்டித் தள்ளிட்டாங்க போலருக்குது."

மண்டபத்துக்குப் பின்னால் முந்தின நாள் கல்யாணத்து எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. அவள் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், இலைகளைப் புரட்டிப் புரட்டித் தேடினாள். நாய் ஒன்று உறுமியது. நான் கேட் பக்கத்தில் நின்று பார்த்தேன். பை தோளை அழுத்தியது. ஒரு தடவை நிமிர்ந்து, "இங்கதான் போட்டாங்களா சார்?" என்று கேட்டாள். "அங்கதான்னு நெனைக்கறேன்" என்றேன். மறுபடி குனிந்தாள்.

அதற்குப் பிறகு ரீசார்ஜுக்கு நான் ஜங்ஷன் ரோட்டுக்குப் போகிறேன். பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன், இன்னும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே கேமரா.

கல்லைத் தூக்கிப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. மணிமுத்தாற்றில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். பரணில் வைத்தால் மனைவி எடுத்து, என்ன இது என்பாள். எத்தனையோ நாள் கட்டிலுக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துத் தூங்காமல் கிடந்தேன். கடைசியில் கல்லோடு கல்லாக இருந்தால் யாருக்கும் தெரியாது என்று என் பெரிய தொட்டிக்குள் வைத்தேன். உடைந்த முகம் பக்கத்துக் கல்லோடு ஒட்டி மறைய, கோட்டின் ஓரம் மட்டும் முன்னால் தெரிகிற மாதிரி. லேசாக வலப்புறம் சாய்த்தேன். வேறு எப்படி வைத்தாலும் சரியாக நிற்கவில்லை.

நன்றாக இருக்கிறது. என் தொட்டிகளிலேயே அதுதான் நன்றாக இருக்கிறது.

போன மாதம் மீன் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். அடுத்த போட்டிக்கு நாள் குறித்துவிட்டார்களாம். "போன தடவ நீங்க கறாரா இருந்தீங்க பாருங்க, அத சென்னைக்காரரு இன்னும் சொல்றாரு. இந்தத் தடவயும் நீங்கதான் ஒக்காரணும்."

சரிங்க என்றேன்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய தொட்டி முன்னால் போய் நின்றார். இரண்டடி பின்னால் வந்தார். மறுபடி கிட்டே போனார். "யப்பா! கல்லு எங்க புடிச்சீங்க?"

அவர் விரல் கண்ணாடியின் மேல் அந்த வெள்ளைக் கோட்டைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கியது.

"நம்ம சூளையில சுட்டதுங்க," என்றேன்.

"அப்படியா! நெஜக் கல்லு தோத்துப்போவும் போலருக்குதே. இந்தக் கோடு?"

"அச்சுக் கோடுங்க. சுரண்டாம வுட்டிருக்கேன்."

அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "என்னா பிரயோஜனம், போட்டியில வைக்க முடியாதே."

"முடியாதுங்க," என்றேன்.